சைபர் செக்யூரிட்டி வேலைக்கு அப்ரண்டிஸ் வழி: கொங்கு வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சைபர் செக்யூரிட்டிக்கு ஆள் கிடைப்பதில்லை என்று கம்பெனிக்காரர்கள் சொல்கிறார்கள். வேலையே கிடைப்பதில்லை என்று படித்து முடித்த பிள்ளைகள் சொல்கிறார்கள். இரண்டும் உண்மை. கம்பெனி தேடுவது ஏற்கெனவே இரண்டு வருஷம் அலர்ட் (கம்ப்யூட்டரில் சந்தேகமாக ஏதாவது நடந்தால் வரும் எச்சரிக்கை) பார்த்துப் பழகிய ஆளை. பிள்ளைகளின் கையில் இருப்பதோ ஒரு டிகிரி, ஒரு கோர்ஸ் சர்ட்டிஃபிகேட். அந்த முதல் அனுபவத்தை யார் கொடுப்பார்கள் என்று தெரியாமல்தான் பலர் சோர்ந்துபோய் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

நான் கோவையில் ஒரு எஸ்.ஓ.சி.யில் வேலை பார்க்கிறேன். பல கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களை ராத்திரி பகலாகக் கண்காணிக்கும் இடம் அது. புதிதாக வருகிறவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கும் பொறுப்பும் எனக்கு உண்டு. நான் பார்த்தவரையில், சட்டப்படி பதிவு செய்த அப்ரண்டிஸ்ஷிப், அதாவது தொழில் பழகுநர் பயிற்சிதான் இந்தத் துறைக்குள் நுழைய நேரான வழி. அதை எப்படித் தேடுவது, எதைப் பார்த்துச் சேருவது, சேர்ந்த பிறகு எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பதை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

நம் ஊருக்கு இது புது வழியும் இல்லை. மோட்டார் பம்பும் லேத்தும் ஃபவுண்டரியும் கோவையில் வளர்ந்தது இப்படித்தான். பட்டறைக்குப் போன பையன் முதலில் பிசிறு தேய்ப்பான், அப்புறம் ஜாப் மாட்டுவான், டர்னர் பக்கத்தில் நின்று அளவு பார்ப்பான். ஒரு நாள் அவனே ஓட்டுவான். "பையன் தொழில் பழகறானுங்க" என்று பெற்றவர்கள் தலை நிமிர்ந்து சொன்ன ஊர் இது. கம்ப்யூட்டர் வேலை என்றதும் மட்டும் நாம் அதை மறந்துவிட்டு, கையில் இருக்கும் பணத்தைக் கோர்ஸ் ஃபீஸாகக் கட்டிவிட்டு வேலைக்காகக் காத்திருக்கிறோம்.

படி 1: என்ன வேலைக்குப் பழகப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சைபர் செக்யூரிட்டி என்றதும் கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் ஹேக்கர்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறார். அனுமதி வாங்கிக்கொண்டு உடைத்துப் பார்க்கும் பென்டெஸ்டிங் வேலையும் உண்டு. ஆனால் பழகுநராக வருகிறவர்களுக்குக் கதவு அதிகம் திறந்திருப்பது பாதுகாக்கும் பக்கம்தான். எஸ்.ஓ.சி.யில் அலர்ட்டை முதலில் பார்க்கும் எல்-1 அனலிஸ்ட், ஃபயர்வாலும் (நெட்வொர்க்குக்குக் காவல் நிற்கும் கருவி) நெட்வொர்க்கும் பார்க்கும் ஆள், யாருக்கு எந்தக் கோப்பைத் திறக்க அனுமதி என்று நிர்வகிக்கும் ஆள், ஐ.எஸ்.ஓ. 27001 என்ற தகவல் பாதுகாப்புத் தரத்துக்கான ஆடிட்டுக்கு ஆவணம் தயார் செய்யும் ஆள் என்று பல வேலைகள் உண்டு.

கடைசியாகச் சொன்ன ஆடிட் வேலையைப் பிள்ளைகள் மட்டமாக நினைக்கிறார்கள். நம் வட்டாரத்தில் அதற்குத் தேவை இருக்கிறது. ஜெர்மன் கார் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் அனுப்பும் ஆலையிடம் டிசாக்ஸ் என்ற தகவல் பாதுகாப்புத் தரச் சான்று கேட்கப்படுகிறது. திருப்பூர் பின்னலாடைக்கும் கரூர் வீட்டு உபயோகத் துணிக்கும் வெளிநாட்டு பையர் இருக்கிறார். அவர் கேள்வித்தாளை அனுப்பி, "எங்கள் டிசைனும் விலையும் உங்கள் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறதா?" என்று கேட்டால் பதில் எழுத ஆள் வேண்டும். காமர்ஸ் படித்த பிள்ளைகள்கூட இந்தப் பக்கமாக உள்ளே வரலாம்.

படி 2: கோர்ஸ் எதைத் தராது என்று புரிந்துகொள்ளுங்கள்

ஒரு காலை ஷிஃப்ட். ராத்திரி வந்த அலர்ட்டுகளைப் பழகுநர் ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறார். ஒரு மில்லின் அக்கவுண்ட்ஸ் சர்வரில், நடப்பதை எல்லாம் பதிவு செய்யும் விண்டோஸ் லாக் நீளமாக ஓடுகிறது. 4625, 4625, 4625. லாகின் தோல்வி என்பதற்கான எண் அது.

"அண்ணா, யாரோ பாஸ்வேர்டை மறந்துட்டாங்க போலிருக்குங்க. க்ளோஸ் பண்ணிடட்டுங்களா?"

"எத்தனை மணிக்குக் கண்ணு?"

"ரெண்டே காலுக்குங்க."

"ராத்திரி ரெண்டே காலுக்கு அக்கவுண்ட்ஸ்ல யாரு உக்காந்திருப்பாங்க? இன்னும் கீழே இறங்கிப் பாரு. கடைசி 4625-க்கு அப்புறம் என்ன நம்பர் வருது?"

கீழே ஒரே ஒரு 4624 இருக்கிறது. லாகின் வெற்றி. லாகான் டைப் 10, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் வழியாக வெளியிலிருந்து உள்ளே வந்திருக்கிறார்கள். அதற்கும் கீழே 4720, புதிதாக ஒரு யூசர் உருவாக்கப்பட்டிருக்கிறார். 1102 இருந்தால் லாக்கையே அழித்திருக்கிறார்கள் என்று பொருள்.

இந்த எண்கள் எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். எந்தக் கோர்ஸிலும் சொல்லித்தருவார்கள். ஆனால் "எத்தனை மணிக்கு?" என்று கேட்கத் தோன்றுவதும், க்ளோஸ் பட்டனில் வைத்த கையை எடுப்பதும், கற்றுக்கொடுக்க ஆள் பக்கத்தில் இருந்தால்தான் வரும். அடுத்த பத்து நிமிஷத்தில் அந்தப் பழகுநர் இன்னும் பலவற்றைக் கண்ணால் பார்த்துக் கற்பார். சர்வரை அவசரப்பட்டு ஆஃப் செய்யக்கூடாது, மெமரியில் இருக்கும் தடயம் போய்விடும். நெட்வொர்க்கிலிருந்து மட்டும் பிரித்து வைக்க வேண்டும். எந்த நிமிஷத்தில் என்ன செய்தோம் என்று எழுதிக்கொண்டே வர வேண்டும். மில்லில் யாருக்குப் போன் போட வேண்டும், பயமுறுத்தாமல் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதும் அப்போதுதான் தெரியும்.

நாட்டின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரலில் ஓர் ஆணை போட்டது. இப்படிப்பட்ட ஊடுருவல் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். பரீட்சைக்குப் படித்தால் அது ஒரு வரி. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது படித்தால் மறக்கவே மறக்காது.

அதனால்தான் அப்ரண்டிஸ்ஷிப் தேடும்போது கம்பெனி பெயரையும் கட்டடத்தையும் இரண்டாவதாக வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். என் வேலையை யார் திருத்துவார் என்பதுதான் முதல் கேள்வி.

படி 3: சட்டத்தைக் கொஞ்சம் படியுங்கள்

இந்தியாவில் இதற்கு 1961-ஆம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டம் இருக்கிறது. 2014-ல் அதைத் திருத்தி, பொறியியல் அல்லாத பட்டதாரிகளையும் சேர்த்தார்கள். பி.காம்., பி.எஸ்ஸி., பி.சி.ஏ. படித்தவர்களுக்கும் கதவு திறந்தது அப்போதுதான். 2019-ல் திருத்திய விதிகளின்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம் தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தாக வேண்டும். 4 பேரோ அதற்கு மேலோ இருக்கும் சின்ன நிறுவனமும் விரும்பினால் எடுக்கலாம். ஒரு சின்ன ஐ.டி. சர்வீஸ் கம்பெனிக்குப் போய், "என்னை அப்ரண்டிஸாக எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று நீங்களே கேட்க முடியும் என்று இதற்கு அர்த்தம். பலருக்கு இது தெரியவே தெரியாது.

அதே 2019 விதிகள் வைத்த குறைந்தபட்ச உதவித்தொகை, படிப்பைப் பொறுத்து மாதம் 5,000-த்திலிருந்து 9,000 ரூபாய் வரை இருந்தது. டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000. இது குறைந்தபட்சம்தான், கம்பெனி கூடவும் தரலாம். பயிற்சி இரண்டாம் வருஷத்துக்குப் போனால் 10 சதவீதம் ஏறும். சட்டப்படி நீங்கள் பயிற்சி பெறுபவர், தொழிலாளி இல்லை. அதனால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் இருக்காது. ஒப்பந்தத்தில் தனியாகச் சொல்லியிருந்தால் ஒழிய, முடித்த பிறகு வேலை தர வேண்டும் என்ற கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. நீங்களும் அங்கேயே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அரசு இரண்டு திட்டங்களில் கம்பெனிக்கு உதவுகிறது. டிகிரி, டிப்ளமோ முடித்தவர்களுக்கு நாட்ஸ். பெரும்பாலும் ஒரு வருஷப் பயிற்சி. குறைந்தபட்சத் தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது, முடித்ததும் சான்றிதழ் கொடுக்கும். இன்னொன்று 2016-ல் தொடங்கிய நாப்ஸ். ஐ.டி.ஐ., பள்ளிப்படிப்பு, குறுகிய காலப் பயிற்சி முடித்தவர்களும் இதில் வரலாம். உதவித்தொகையில் 25 சதவீதம், அதிகபட்சம் 1,500 ரூபாய் வரை அரசு தரும். சின்ன கம்பெனி முதலாளியிடம் பேசப் போகும்போது இந்தக் கணக்கை எடுத்துப் போங்கள். செலவில் ஒரு பங்கு அரசிடமிருந்து வரும் என்று தெரிந்ததும் பேச்சு மாறும்.

படி 4: உங்கள் படிப்புக்கு எந்தக் கதவு

பி.இ., பி.சி.ஏ., பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் முடித்தவர்கள் நாட்ஸ் தளத்தில் பதிவு செய்து, கூடவே நாப்ஸின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தையும் பாருங்கள். ஐ.டி. துறைக்கான திறன் மன்றமான எஸ்.எஸ்.சி. நாஸ்காம் வகுத்த செக்யூரிட்டி அனலிஸ்ட் என்ற பயிற்சிப் பிரிவு உண்டு. தேடும்போது அந்தப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். ஒரு எச்சரிக்கை: ஒரு வருஷமோ அதற்கு மேலோ வேலை அனுபவம் இருந்தால் நாட்ஸில் சேர முடியாது. பிடிக்காத வேலையில் சும்மா ஒரு வருஷம் ஓட்டிவிட்டு அப்புறம் பார்க்கலாம் என்று நினைத்தால் கதவு மூடிவிடும்.

பாலிடெக்னிக் முடித்தவர்களுக்கு என் ஆலோசனை வேறு. நேராக எஸ்.ஓ.சி. தேடுவதைவிட, ஃபயர்வாலும் சர்வரும் போட்டுக் கொடுத்து சர்வீஸ் பார்க்கும் கம்பெனியில் பழகுங்கள். ஒரு வருஷத்தில் கேபிள் அடிப்பதிலிருந்து பேக்கப் எடுப்பது வரை எல்லாம் கையால் செய்வீர்கள். ஐ.டி.ஐ.யில் கோபா என்ற கம்ப்யூட்டர் பிரிவு படித்தவர்களுக்கும் இதே வழிதான். நெட்வொர்க் எப்படி ஓடுகிறது என்று தெரியாமல் அதைக் காக்க முடியாது.

இன்னும் கல்லூரி சேராதவர்கள், அப்ரண்டிஸ்ஷிப் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கும் டிகிரி படிப்புகளை விசாரியுங்கள். யு.ஜி.சி. இதற்கு வழிமுறை வகுத்திருக்கிறது. படிக்கும்போதே உதவித்தொகையும் வரும், கிரெடிட்டும் வரும்.

வெளிநாடுகளிலும் இந்த வழியை மதிக்கிறார்கள். பிரிட்டனின் உளவு அமைப்பான ஜி.சி.எச்.க்யூ. பழகுநர்களை எடுத்துப் பயிற்சி கொடுக்கிறது. அமெரிக்க அரசு 2022-ல் சைபர் செக்யூரிட்டி அப்ரண்டிஸ்களைச் சேர்க்கவே 120 நாள் இயக்கம் ஒன்றை நடத்தியது.

படி 5: போவதற்கு முன் ஆறு மாதம் தயாராகுங்கள்

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. 8 ஜி.பி. ரேம் உள்ள பழைய லேப்டாப் போதும், 16 இருந்தால் வசதி.

முதல் இரண்டு மாதம் நெட்வொர்க்கும் லினக்ஸும் மட்டும். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியின் இலவசப் பாடங்கள், லினக்ஸ் கட்டளை பழக ஓவர்தவயர் தளத்தின் பேண்டிட் விளையாட்டு. பிரவுசரில் ஒரு முகவரியை அடித்ததிலிருந்து பக்கம் திறப்பது வரை என்னென்ன நடக்கிறது என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். டி.என்.எஸ்., டி.சி.பி. கைகுலுக்கல், டி.எல்.எஸ். எல்லாம் அதில் வரும். நேர்காணலில் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது.

அப்புறம் வீட்டிலேயே ஒரு சின்ன ஆய்வுக்கூடம். கம்ப்யூட்டருக்குள் இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, அதற்குள் ஒரு உபுண்டு, ஒரு காளி லினக்ஸ். காளியிலிருந்து ஹைட்ரா என்ற கருவியால் உங்கள் உபுண்டுவின் எஸ்.எஸ்.எச். (வேறு கம்ப்யூட்டரிலிருந்து லாகின் செய்யும் வழி) மீதே பாஸ்வேர்டு தாக்குதல் நடத்துங்கள். லாகின் முயற்சிகள் பதிவாகும் உபுண்டுவின் ஆத்.லாக் கோப்பைத் திறந்தால் தோல்விகள் வரிசையாக விழுந்துகொண்டிருக்கும். அதைத் தடுக்க, திரும்பத் திரும்பத் தோற்கும் முகவரியை அடைக்கும் ஃபெயில்-டு-பேன் போடுங்கள், மறுபடி தாக்குங்கள், என்ன மாறியது என்று பாருங்கள். தாக்கியவரும் நீங்கள், காத்தவரும் நீங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிகிற வேலை இது, ஆனால் இதைச் செய்து பார்த்துவிட்டு வந்தவர் பேசும்போதே தெரிந்துவிடும். ரேம் கூட இருந்தால் வாசூ என்ற இலவச கண்காணிப்பு மென்பொருளையும் ஏற்றலாம். இல்லாவிட்டால் விண்டோஸில் நடப்பதை விரிவாகப் பதிவு செய்யும் சிஸ்மான் போட்டு ஈவென்ட் வியூவரில் படித்தாலே போதும்.

செய்ததை எல்லாம் எழுதி வையுங்கள். படம் எடுத்து, என்ன செய்தேன், என்ன பார்த்தேன், என்ன புரிந்தது என்று ஒரு பக்கம். கிட்ஹப்பில் போடுங்கள். தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் ஆங்கிலத்தை நினைத்துத் தயங்குவதைப் பார்த்து எனக்கு வருத்தமாக இருக்கும். அலர்ட்டைப் பற்றி எழுதி வைக்கும் பதிவான டிக்கெட்டில் எழுதும் ஆங்கிலம் சின்னச் சின்ன வாக்கியம்தான். எத்தனை மணிக்கு, எந்தக் கம்ப்யூட்டரில், என்ன நடந்தது, நான் என்ன செய்தேன். இந்த நாலையும் தினம் எழுதிப் பழகினால் மூன்று மாதத்தில் கை வந்துவிடும். ஐ.எஸ்.சி.2 அமைப்பின் சர்ட்டிஃபைடு இன் சைபர் செக்யூரிட்டி தேர்வுக்கு முன் அனுபவம் தேவையில்லை, முடிந்தால் அதை எழுதுங்கள். நான் முதல்வன் திட்டத்தில் உங்கள் கல்லூரிக்கு செக்யூரிட்டி பாடம் வந்திருந்தால் அதையும் விடாதீர்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாக. உங்கள் மெஷினைத் தவிர வேறு எதன் மீதும் கை வைக்காதீர்கள். கல்லூரி தளத்தைச் சும்மா ஸ்கேன் பண்ணிப் பார்த்தேன், பக்கத்து வீட்டு வைஃபையை உடைத்துப் பார்த்தேன் என்பதெல்லாம் திறமைக்கு அடையாளம் இல்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆவது பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் இருக்கிறது. அதைவிட, நேர்காணலில் இதைப் பெருமையாகச் சொல்கிற பையனை யாரும் ஒரு கம்பெனியின் லாக்குக்குப் பக்கத்தில்கூட விடமாட்டார்கள்.

படி 6: நம் வட்டாரத்தில் எங்கே தேடுவது

எல்லோரும் முதலில் பார்ப்பது விளாங்குறிச்சி ரோடு டைடல் பார்க், சரவணம்பட்டி, கீரணத்தம் பக்கம். சரி, அங்கே விண்ணப்பியுங்கள். ஆனால் அதோடு நிற்காதீர்கள்.

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் ஆபீஸை எடுத்துக்கொள்ளுங்கள். மெர்ச்சண்டைசரின் மெயில் பாஸ்வேர்டு எப்படியோ திருடு போகிறது. திருடன் உடனே எதுவும் செய்வதில்லை. உள்ளே, வரும் மெயிலின் நகலைத் தனக்கு அனுப்பும் ஒரு ஃபார்வர்டு ரூல் மட்டும் போட்டுவிட்டு வாரக்கணக்கில் மெயில்களைப் படிக்கிறான். எந்த பையர், எந்த ஆர்டர், எப்போது பணம் வரும் என்று எல்லாம் தெரிந்துகொள்கிறான். இன்வாய்ஸ் போகும் நேரம் பார்த்து, "எங்கள் பேங்க் கணக்கு மாறிவிட்டது" என்று பையருக்கு ஒரு மெயில் போகிறது. அனுப்பிய முகவரியில் 'm' எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 'r', 'n' என்ற இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவசரத்தில் யாருக்கும் தெரியாது. ஒரு கன்டெய்னர் பனியனுக்கான பணம் வேறு நாட்டுக் கணக்குக்குப் போய்விடும்.

இதைத் தடுக்கத் தெரிந்த ஆள் அந்த ஆபீஸில் ஒருவர் வேண்டும். மெயிலின் ஹெடரைத் திறந்து ரிப்ளை-டு முகவரியைப் பார்க்க வேண்டும். முகவரியில் சொன்ன இடத்திலிருந்துதான் மெயில் வந்ததா என்று சோதிக்கும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் மூன்றும் தேறியதா என்று படிக்க வேண்டும். ஆனால் திருட்டு முகவரிக்கும் அவனே இவற்றை ஒழுங்காகப் போட்டிருக்கலாம், அப்போது மூன்றும் தேறியதாகவே காட்டும். அதனால் எழுத்து எழுத்தாக முகவரியைப் படிக்கும் கண்ணும் வேண்டும். எல்லோருக்கும் பாஸ்வேர்டோடு ஓ.டி.பி. என்ற இரண்டாவது சரிபார்ப்பும் போட வேண்டும், கணக்கு மாற்றம் என்று வந்தால் பழைய நம்பருக்குப் போன் செய்து கேட்கும் வழக்கத்தைக் கொண்டுவர வேண்டும். பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டும். இந்த வேலைகளைப் பார்க்கும் ஐ.டி. டிபார்ட்மென்ட்டுகளும், அவர்களுக்கு சர்வீஸ் கொடுக்கும் சின்ன கம்பெனிகளும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் கரூரிலும் சேலத்திலும் இருக்கின்றன. அங்கே பழகிய பிள்ளைக்கு மெயில் மோசடி பற்றித் தெரிவது, பெரிய கம்பெனி எல்-1 ஆளுக்குக்கூடத் தெரியாது.

ஸ்பின்னிங் மில், சர்க்கரை ஆலை, ஃபவுண்டரி எல்லாவற்றிலும் இப்போது மெஷின்கள் நெட்வொர்க்கில் இருக்கின்றன. மெஷினை இயக்கும் கன்ட்ரோலரான பி.எல்.சி. புரியும் எலக்ட்ரிக்கல், இன்ஸ்ட்ருமென்டேஷன் பிள்ளைகள் செக்யூரிட்டியும் படித்தால் ஆலைப் பாதுகாப்பு என்ற தனித்துறையே இருக்கிறது. 2010-ல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட், மெஷினையே குறிவைத்த வைரஸ். அதிலிருந்து அந்தத் துறைக்கு மதிப்பு கூடியபடிதான் இருக்கிறது.

மருத்துவமனைகளையும் பாருங்கள். 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் முடங்கி, டாக்டர்கள் கையால் எழுதி வேலை பார்க்க வேண்டி வந்தது. கோவை முழுக்க மருத்துவமனைகள்தானே.

படி 7: கையெழுத்துப் போடுவதற்கு முன்

ஒப்பந்தம் அரசுத் தளத்தில் பதிவாகிறதா என்று முதலில் கேளுங்கள். பதிவு எண் உங்கள் கைக்கு வர வேண்டும். பதிவே இல்லாமல் "அப்ரண்டிஸ்" என்று வாயால் சொன்னால் உங்களுக்குச் சான்றிதழும் கிடையாது, பாதுகாப்பும் கிடையாது.

பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அப்ரண்டிஸ்ஷிப் என்றால் பணம் உங்களுக்கு வர வேண்டும். "ட்ரெயினிங் ஃபீஸ் கட்டுங்க, ஆறு மாசம் கழிச்சு ஸ்டைபண்ட்" என்று யார் சொன்னாலும் அது கோர்ஸ் விற்பனை. ஒரிஜினல் மார்க் ஷீட்டைக் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.

அப்புறம் இந்தக் கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். எனக்கு மேலே யார் இருப்பார், அவர் அதே ஷிஃப்டில் இருப்பாரா? எந்த எஸ்.ஐ.இ.எம். (லாக்குகளைத் திரட்டி அலர்ட் தரும் மென்பொருள்) பயன்படுத்துகிறீர்கள்? நான் எழுதும் டிக்கெட்டை யார் படித்துப் பார்ப்பார்? முதல் மூன்று மாதம் என்ன, அடுத்த மூன்று மாதம் என்ன? இதற்கெல்லாம் பதில் மழுப்பலாக வந்தால், டேட்டா என்ட்ரிக்கோ கால் சென்டருக்கோ மலிவாக ஆள் தேடுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

பெண் பிள்ளைகளின் வீட்டில் நைட் ஷிஃப்ட் பற்றிய பயம் இருக்கும். அது நியாயமான பயம். பயிற்சிக் காலத்தில் ராத்திரி வேலை உண்டா, கேப் வீட்டு வாசல் வரை வருமா, ஷிஃப்டில் வேறு பெண்கள் இருக்கிறார்களா என்று பெற்றவர்களே எச்.ஆரிடம் பேசட்டும். இதைக் கேட்டால் தவறாக நினைக்கிற கம்பெனி நமக்கு வேண்டாம். பகல் ஷிஃப்ட் மட்டும் உள்ள ஆடிட், அனுமதி நிர்வாகம் போன்ற வேலைகளும் இருக்கின்றன. அம்மணிகள் இந்தத் துறையில் நன்றாகவே வேலை பார்க்கிறார்கள், ராத்திரியைக் காரணம் காட்டி வீட்டிலேயே நிறுத்திவிடாதீர்கள்.

பணக் கணக்கையும் முன்பே போடுங்கள். கோபியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ வந்து கோவையில் ரூம் எடுத்துத் தங்கினால் உதவித்தொகை வாடகைக்கும் மெஸ்ஸுக்கும்தான் சரியாக இருக்கும். வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாது. ஒரு வருஷம் இப்படித்தான் என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தவர்கள் நிலைக்கிறார்கள். சொல்லாமல் வந்தவர்கள் நாலாவது மாதத்தில் டெலிவரி வேலைக்குப் போய்விடுகிறார்கள். கோர்ஸுக்கென்று எடுத்து வைத்த பணம் இருந்தால், அதை இந்த ஒரு வருஷச் சாப்பாட்டுக்கு வையுங்கள் என்று நான் பெற்றவர்களிடம் சொல்வதுண்டு.

படி 8: உள்ளே போன பிறகு

முதல் மாதம் வருகிற அலர்ட்டில் பெரும்பங்கு ஒன்றுமில்லாதவையாகத்தான் இருக்கும். யாரோ பாஸ்வேர்டை மாற்றியிருப்பார், பிரிண்டர் ஏதோ கத்தும். சலிப்பு வரும். அந்தச் சலிப்பில் படிக்காமல் க்ளோஸ் பண்ணும் பழக்கம் மட்டும் வந்துவிடக்கூடாது. ஒவ்வொன்றையும் ஏன் ஒன்றுமில்லை என்று முடிவு செய்தேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு மூடுங்கள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் என்னைப் போன்றவர்கள் உங்களைத் திருத்த முடியும்.

சந்தேகம் வந்தால் உடனே கேளுங்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்ற மரியாதை அதிகம். எஸ்.ஓ.சி.யில் அரை மணி நேரம் தயங்கினால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அடுத்த சர்வருக்குப் போய்விடும். தவறாக எழுப்பிவிட்டதற்காக எந்த நல்ல சீனியரும் கோபிக்கமாட்டார்.

ஆறாவது மாதத்துக்கு மேல் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து ஆழமாகப் போங்கள். ஸ்கிரிப்ட் எழுதப் பிடித்தால் பைத்தான், மெயில் மோசடி பிடித்தால் அது, ஆடிட் பிடித்தால் அது. தாக்குதல் முறைகளை வகைப்படுத்தி வைத்திருக்கும் மைட்டர் அட்டாக் அட்டவணையைத் திறந்து, இன்று பார்த்த தாக்குதல் அதில் எந்தக் கட்டத்தில் வருகிறது என்று தினமும் ஒன்றாவது குறித்துவையுங்கள். 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் ஒருமுறை படியுங்கள். பாதுகாப்பில் கோட்டை விட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது. கம்பெனிகள் இனி உங்களைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படி 9: பயிற்சி முடியும் தறுவாயில்

முடிவதற்கு இரண்டு மாதம் முன்பே மேலாளரிடம் நேராகக் கேளுங்கள், "இங்கே தொடர வாய்ப்பு இருக்குங்களா?" என்று. இல்லை என்றால் அப்போதே வெளியே விண்ணப்பிக்கத் தொடங்குங்கள். இனி நீங்கள் அனுபவம் இல்லாதவர் இல்லை. டிக்கெட் பார்த்தவர், ஷிஃப்ட் ஹேண்ட் ஓவர் எழுதியவர்.

வெளியே போகும்போது கம்பெனியின் லாக், ஸ்கிரீன்ஷாட், கிளையன்ட் பெயர் எதையும் எடுத்துப் போகாதீர்கள், ரெஸ்யூமேயில் எழுதாதீர்கள். "ஒரு ஜவுளி நிறுவனத்தில் நடந்த ரிமோட் டெஸ்க்டாப் ஊடுருவலைக் கண்டறிவதில் பங்கெடுத்தேன்" என்ற அளவு போதும். அரசுச் சான்றிதழ் வந்துவிட்டதா என்று தளத்தில் போய்ப் பார்த்து, தரவிறக்கி வையுங்கள்.

கூடவே கம்பெனி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, வாரம் எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை என்று அதில் இருக்க வேண்டும். சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்ற பெரிய தேர்வுக்கு ஐந்து வருஷ அனுபவம் கேட்பார்கள், இப்படி ஆவணம் இருந்தால் இன்டர்ன்ஷிப் காலத்தையும் அதில் காட்டலாம். சில வருஷம் கழித்து அந்தக் கடிதத்தைத் தேடும்போது கம்பெனி பெயர் மாறியிருக்கலாம், மேலாளர் பெங்களூர் போயிருக்கலாம். அதனால் கடைசி நாளுக்கு முந்தைய வாரமே கேட்டு வாங்கி, ஸ்கேன் செய்து உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடுங்கள்.